பிரேக் தேர்வுக் கமிட்டி

ஊரும் உலகமும் ஒரு நிமிடம் கைவேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுக்க வேண்டிய செய்தி இது: பதினோரு வயதான ஒரு சின்னக் காருக்குப் புது பிரேக் பேடும் ரோட்டரும் தேர்ந்தெடுக்கும் கமிட்டியின் மூன்றாவது கூட்டம், ஞாயிறு காலை பத்து மணிக்கு, ஒரு வீட்டின் கூடத்தில் முறைப்படி தொடங்கியது. தலைவர், வீட்டுக்காரர், அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். உறுப்பினர், அவருடைய மச்சான். இருவருக்கும் கார் ஓட்டத் தெரியாது.

காரை ஓட்டுகிறவள், வீட்டுக்காரரின் மனைவி, ஓரமாகக் குனிந்து ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தாள். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு வீடு வீடாகப் போய்ப் புண் கட்டிவிட்டு வரும் நர்ஸ். ஞாயிறும் அவளுக்கு வேலை நாள்தான். அவளைக் கமிட்டியில் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. பிரேக்கை மிதிப்பது அவள் கால் என்பது ஒரு சில்லறை விவரம்.

மூன்று வாரத்துக்கு முன்னால், மிதித்தால் கிறீச்சென்கிறது, ஸ்டியரிங் உதறுகிறது என்று அவள்தான் சொன்னாள். தெருமுனை மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். முன் சக்கரங்களில் பேட் தேய்ந்துவிட்டது, அது கவ்விப் பிடிக்கும் ரோட்டர் தட்டும் வரிவரியாகிவிட்டது, முன்னால் மட்டும் மாற்றினால் போதும், சாதாரண சாமானே போதும், அரை நாள் வேலை என்றார்.

இவ்வளவு சுலபமாக ஒருவர் பேசினால் வீட்டுக்காரருக்குச் சந்தேகம் வந்துவிடும். முன்னால் மட்டும் என்பது பாதி வேலையைச் செய்துவிட்டு மறுபடி வரவழைக்கும் தந்திரம் என்று கண்டுபிடித்தார். சாமானை நாமே வாங்குவோம், அவர் மாட்டிக் கொடுத்தால் போதும். கோப்பு திறக்கப்பட்டது. பேட் செராமிக்கா, உலோகம் கலந்ததா என்று முதல் கூட்டம் இழுத்தது. ரோட்டரில் ஓட்டை வேண்டுமா வேண்டாமா என்று இரண்டாவது. மூன்றாவதிலும் அதே ஓட்டைதான். பந்தயக் கார் வீடியோக்களிலேயே குடியிருந்த மச்சான் ஓட்டைக் கட்சி.

“இருநூறுல போயி மிதிச்சா சூடு தாங்கணும்ல அத்தான். ஓட்டை இருந்தாத்தான் காத்து போகும்.”

“நான் முப்பதத் தாண்டினதில்லடா” என்றாள் அக்கா, ஷூவிலிருந்து தலையெடுக்காமல்.

இது கோப்பில் ஏறவில்லை.

வேலைக்குப் போகும் வழியிலிருந்த சரிவில் இரண்டாவது கியரில், ஒரு கை ஹேண்ட்பிரேக்கிலேயே இருக்க, அவள் காரை இறக்கினாள். சரிவின் அடியில் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் சாலையைக் கடந்தாள். மிதித்த மிதியில் கார் கத்தியது, உதறியது, சாலையில் போட்டிருந்த நிறுத்தக் கோட்டைத் தாண்டித்தான் நின்றது. அந்தப் பெண் திட்டவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

மதியம் திரும்பியபோது, பேடின் முதுகு சிவப்பா கறுப்பா என்ற இடத்தில் கூட்டம் நின்றிருந்தது. அவள் சாவியைக் கோப்பின் மேல் வைத்தாள்.

“ஒரு சாண். ஒரு சாண் தள்ளி ஒரு குழந்த வண்டி. இங்க நீங்க ரெண்டு பேரும் ஓட்டைய எண்ணிக்கிட்டு இருக்கீங்க. இனிமே இந்தச் சாவிய நான் தொட மாட்டேன். நாளைக்கு எட்டு வீடு இருக்கு. நீங்களே ஓட்டிட்டுப் போயி, நீங்களே புண்ணக் கட்டிட்டு வாங்க.”

ஒரு மணி நேரத்துக்குள் ஆர்டர் போயிற்று. நாலு சக்கரத்துக்கும் ரோட்டர், நாலுக்கும் பேட், தட்டெல்லாம் ஓட்டை போட்டது, எல்லாமே உயர்ந்த ரகம். வந்து சேர நாலு நாள். அந்த நாலு நாளும் அவள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் அலைந்தாள். எட்டு வீட்டில் ஐந்துக்குத்தான் போக முடிந்தது. தினமும் மூன்று பேருடைய கட்டு மறுநாளுக்குத் தள்ளிப்போனது.

பார்சல் வந்ததும் மெக்கானிக் ஜாக்கியோடு வீட்டுக்கே வந்தார். வீட்டுக்காரர் கோப்பை விரித்து அரை மணி நேரம் வகுப்பெடுத்தார். மெக்கானிக் காதைக் குடைந்தபடி கேட்டுவிட்டு முன் சக்கரங்களைக் கழற்றினார். மதியத்துக்குள் முடிந்தது. அவள் சரிவு வரை போய் வந்தாள். கார் சத்தமில்லாமல், கோட்டுக்கு நன்றாக முன்னாலேயே நின்றது. சாதாரண சாமானிலும் மூன்று வாரம் முன்பே இப்படித்தான் நின்றிருக்கும்.

வாசலில் வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்திக் காத்திருந்தார். பாதி வேலையோடு யாரையும் விடுகிற ஆள் இல்லை அவர். அவர் வற்புறுத்தலில் பின் சக்கரமும் கழன்றது. பளபளக்கும் ஓட்டைத் தட்டை இரு கையிலும் ஏந்தி, அது உட்காரும் இடத்தைக் குனிந்து தேடினார். அங்கே கவிழ்த்த இரும்புச் சட்டி போல ஒன்று இருந்தது. அது மேல்மூடியாக இருக்கும் அத்தான் என்றான் மச்சான்.

அவள் படியில் உட்கார்ந்து நிதானமாக ஷூ கயிற்றை அவிழ்த்தாள்.

“அன்னைக்கே முன்னாடி மட்டும்னு சொன்னேனே சார்” என்றார் மெக்கானிக். “இது டிரம் பிரேக், இந்தச் சட்டிக்குள்ளயே பிடிக்கும். பின்னாடிக்கு நீங்க வாங்கினது பெரிய மாடலோடது.”

அந்தக் காருக்குப் பின்னால் ரோட்டரே கிடையாது.