அமராவதி வீட்டுப் படியிலிருந்து உயரம்

2005ஆம் ஆண்டு சித்திரையில், மரக்காணம் உப்பளத்தை ஒட்டியிருந்த அமராவதியின் வீடு, சுவரில் ஒரு கீறல்கூட விழாமல், முழங்கால் ஆழம் மண்ணுக்குள் இறங்கியது. அடுப்பிலிருந்த குழம்பு சிந்தவில்லை. பாத்திகளுக்கு உப்புத்தண்ணீர் இறைக்கும் புது போர்வெல்கள் இராப்பகலாக ஓடியதில் அடிநிலம் காலியாகிவிட்டதென்று எல்லோருக்கும் தெரியும். மோட்டாரை நிறுத்தச் சொல்லத்தான் ஆளில்லை. ஆடிக்குள் வீடு இடுப்பளவு போய்விட, அமராவதி ஜன்னல் வழியாக வேலைக்குப் போய்வந்தாள்.

நாட்டின் வளர்ச்சியை அளக்க வந்த அதிகாரி தெய்வசிகாமணியிடம் முறையிட்டாள். அவர் 'உச்' கொட்டிக்கொண்டே டேப்பின் நுனியை ஜன்னல் வழியாக விட்டு அவள் வாசற்படியில் வைத்து, பக்கத்தில் குவித்திருந்த உப்பு அம்பாரத்தின் உச்சிவரை இழுத்தார். அந்த வட்டாரத்தில் கருங்கல் என்று இருந்தது அந்தப் படி ஒன்றுதான். அம்பாரத்தை அதிலிருந்து அளப்பதே உப்பளத்து வழக்கம். வீடு இறங்கிய அளவுக்கு அம்பாரம் உயர்ந்திருந்தது.

"பிரமாதமான வளர்ச்சிம்மா!"

அமராவதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னா சார் அநியாயம்? உப்பு போன வருசத்து உப்புதான். எறங்கனது என் வூடு. அதை எதுல சேப்பீங்க?"

"எறங்கறதையெல்லாம் நாங்க அளக்கறதில்லம்மா."

மறு வருடம் அவர் வந்தபோது கூரை தரையோடு இருந்தது. ஓட்டைப் பிரித்து ஏணி போட்டிருந்தாள்.

"உள்ள போயி டேப்பைப் புடிம்மா."

"என் வூடு எறங்கறதை நானே புடிச்சிக் காட்டணுமா? நீங்களே எறங்கிப் பாருங்க சார்."

இறங்கினார். மேஸ்திரி சவரிமுத்து அம்பாரத்து உச்சியில் மறுநுனியைப் பிடித்தார். "ரெண்டு மடங்கு!" என்று தெய்வசிகாமணி கத்தி முடிப்பதற்குள் வீடு இன்னும் மூன்று ஆள் ஆழம் போனது. ஏணி எட்டவில்லை. அப்போதும் ஒரு மோட்டார்கூட நிற்கவில்லை. ஒரு ஆளுக்காக நாட்டின் வளர்ச்சியை நிறுத்த முடியாதென்று சென்னையிலிருந்து போனில் சொல்லிவிட்டார்கள்.

அன்றிலிருந்து தெய்வசிகாமணி அங்கேதான் இருக்கிறார். வருடம் தவறாமல் இன்க்ரிமென்ட் வருகிறது. மேலே கொட்டகை போட்டுக்கொண்ட அமராவதி வாளியில் சோறு இறக்குகிறாள். சாயங்காலமானால் கீழேயிருந்து இரண்டு அளவு கேட்கும்: அம்பாரம் எவ்வளவு ஏறியது, வீடு எவ்வளவு இறங்கியது. முதலாவதைச் சவரிமுத்து சென்னைக்குப் போன் போட்டுச் சொல்கிறார். இரண்டாவதும் அதே எண்தான். அதை யாரும் கேட்பதில்லை என்பதால், "உம், கேட்டுது சார்" என்று அமராவதி குரல் கொடுத்துவிட்டு வாளியை மேலே இழுக்கிறாள்.