ஏரி விரால்

மனிஷா வந்த ஞாயிற்றுக்கிழமை காலை அனுப்ரியா மீன்குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆறாம் மாதம். உண்டாகியிருப்பது தெரிந்த நாளிலிருந்து கணவன் ஹேமந்த், ஹெப்பாள் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருந்த ஏரியில் தூண்டில் போட்டு, வாரம் தவறாமல் விரால் கொண்டுவந்தான். பிள்ளைக்கு நல்லது என்று நடுத்துண்டாகத் தேடி அவள் தட்டில் வைப்பான்.

மனிஷா கல்லூரியில் ஆராய்ச்சி செய்பவள். இரண்டு மாதத்துக்கு முன் சோதனைக்கென்று ஹேமந்திடம் மூன்று மீன் வாங்கிப் போயிருந்தாள். முடிவு வந்துவிட்டதாம். மீனில் பாதரசம், அனுமதித்த அளவைப்போல் இரண்டு மடங்கு. சின்ன மீன்களைத் தின்று வளர்வதால் விராலில்தான் அதிகம் சேருமாம். சொல்லிக்கொண்டே வந்தவள் அனுப்ரியாவின் வயிற்றைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டாள்.

அனுப்ரியா புளிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். நன்றாக வேகவைத்தால் போய்விடுமா என்று கேட்டாள்.

"போகாதுக்கா. கொழந்தையோட மூளைக்கு ஆகாது. இன்னிக்கே டாக்டரைப் பாருங்க."

சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு ஐந்து நாள் காத்திருந்தார்கள். குழந்தை உதைத்தால் வலிப்போ என்று பயந்தாள்; உதைக்காவிட்டால் அதைவிடப் பயந்தாள். வேலைக்குக் கம்பெனி பஸ்ஸில் வயிற்றை இரு கையாலும் அணைத்தபடியே போய்வந்தாள். ஹேமந்துக்குச் சோறு இறங்கவில்லை. "நானே புடிச்சு நானே தின்னக் குடுத்திருக்கறேன்," என்றதோடு சரி.

அளவு கூடுதல்தான், மிக அதிகமில்லை என்றார் டாக்டர். ஏரி மீனை நிறுத்தினால் மெல்ல இறங்கும். பிறந்த பிறகும் குழந்தையைக் கவனித்துவர வேண்டும். ஒன்றும் ஆகாது என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று அனுப்ரியா அவர் வாயையே பார்த்தாள். அதை மட்டும் அவர் சொல்லவில்லை.

திரும்பும் வழியில்தான் அவளுக்குச் சுரீர் என்றது. பக்கத்து வீட்டு சித்தம்மாவுக்கும் வாராவாரம் ஒரு மீன் கொடுத்திருந்தார்கள். அங்கே இரண்டு வயதுக் குழந்தை. ஐந்து நாளாகத் தன் வயிற்றைத் தவிர வேறு நினைப்பே அவளுக்கு இல்லை.

ஹேமந்த் தயங்கினான். "நம்ம குடுத்ததுதான்னு தெரிஞ்சா?"

"தெரியட்டுங்க. ரெண்டு வயசுப் புள்ள."

சித்தம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். விஷயத்தைக் கேட்டவள் திட்டவில்லை.

"எத்தன மாசமா?" என்று மட்டும் கேட்டாள்.

"அஞ்சு மாசமாக்கா."

சித்தம்மாவின் கால் செருப்பைத் தேடியது, அகப்படவில்லை. அனுப்ரியா குழந்தையைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். ஹேமந்தும் சேர, மூவருமாக வந்த வழியே ஆஸ்பத்திரிக்குத் திரும்ப நடந்தார்கள்.