நடுக்கம்பி

பத்தே முக்காலுக்கு அம்மிணியிடமிருந்து போன் வந்தபோது ஜெபசெல்வி உளுந்து களைந்துகொண்டிருந்தாள். மகள் ஜான்சி எட்டாவது படிக்கிற சூனாபட்டிப் பள்ளிக்கூடத்தில் அம்மிணி ஆயா. மூச்சு வாங்கப் பேசினாள்.

"செல்வி, சைக்கிள் குடுத்த டிரஸ்ட்லேர்ந்து மேடம் வந்திருக்கு. செக்கிங். ஒரு மணிக்கு எல்லாப் பிள்ளைகளும் சைக்கிளோட கிரவுண்டுல நிக்கணுமாம். சைக்கிள் இல்லேன்னா பேரை அடிச்சிட்டு வேற பிள்ளைக்கு மாத்திருவாங்களாம். வெளிய டெம்போ நிக்குது, நானே பாத்தேன்."

"ஜான்சி என்ன சொன்னா?"

"அவ என்ன சொல்லுவா, பேயறைஞ்ச மாதிரி நிக்கா. சைக்கிள் எங்க?"

சைக்கிள் மாட்டுங்காவில் இருந்தது. இட்லி அடுக்கின பெரிய பாத்திரமான டோப்பு, சாம்பார் கேன், சட்னி வாளி எல்லாவற்றையும் சுமந்துகொண்டு புருஷன் எட்வினோடு தெருத்தெருவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. எட்வினுக்குப் போன் போட்டாள். சுவிட்ச் ஆஃப். மறுபடியும் போட்டாள். அதே பொம்பளை அதே இந்தியில் அதையே சொன்னாள். உளுந்தை அப்படியே தண்ணீரில் விட்டுவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மாடி அறையிலிருந்து ஏணியில் இறங்கினாள்.

மூன்று மாசத்துக்கு முன்னால் அந்தச் சைக்கிளைக் கொடுத்தார்கள். வீடு தூரமாயிருக்கிற, கையில் ஒன்றுமில்லாத வீட்டுப் பெண்பிள்ளைகள் பன்னிரண்டு பேருக்கு நீலக் கலர் லேடீஸ் சைக்கிள். தாராவியிலிருந்து சூனாபட்டிக்கு ஜான்சி நடக்கிற நடை டிரஸ்ட்காரர்களுக்கே தெரியும். பிள்ளையின் படிப்புக்கு மட்டும்தான் உபயோகம் என்று எழுதின தாளில் எட்வின் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டான். ஜெபசெல்வியும் பக்கத்தில்தான் நின்றாள்.

அதுவரை எட்வினுக்குத் தலைச்சுமை வியாபாரம். டோப்பைத் தலையில் தூக்கிக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியும்? ஒரு சுற்றுதான், நூற்றைம்பது இட்லிதான். "காலையில அஞ்சுக்குப் போயிட்டு ஏழரைக்கு வந்திருவேன், பிள்ள எட்டுக்கு எடுத்துட்டுப் போகட்டும்" என்றான். இரண்டு நாள் வந்தான். ஜான்சி சந்துக்குள் உருட்டிக்கொண்டு போனதை ஜெபசெல்வி ஏணி மேல் நின்று பார்த்தாள். மூன்றாம் நாள் எட்டரை ஆனது, அப்புறம் ஒன்பதரை. நூற்றைம்பது முந்நூறு ஆனது. பாரம் தாங்காமல் சைக்கிள் இடுப்பு ஒடிந்த மாதிரி ஆடியது. அந்த வாரமே வெல்டிங் கடையில் நிறுத்தி, ஹேண்டில் கழுத்துக்கும் சீட்டுக்கும் நடுவில் ஒரு கம்பி வைத்துப் பற்றவைத்துக்கொண்டு வந்தான். மேலே நீலப் பெயிண்ட். கொஞ்சம் வேற நீலம்.

"லேடீஸ் சைக்கிள ஜென்ட்ஸ் ஆக்கியாச்சு" என்று சிரித்தான்.

ஸ்கர்ட் போட்டிருந்த ஜான்சி அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பிரெண்ட்ஸ்கூட நடந்து போறேம்மா, அதுதான் ஜாலி" என்றாள். அந்தப் பேச்சு ஜெபசெல்விக்குத் தோதாக இருந்தது. தோதாக இருந்ததால் மேற்கொண்டு கேட்கவில்லை.

லேபர் கேம்ப் வழியாக ஓடி, ரயில்வே பாலம் ஏறி இறங்கினாள். மார்க்கெட்டில் பூக்கட்டுகிறவர்களிடம் கேட்டாள், இல்லை. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் போகச் சொன்னார்கள். அங்கே வாட்ச்மேன், "அபி கயா", இப்போதுதான் போனான் என்று கையை வேறு பக்கம் நீட்டினான். வெயிலில் செருப்பு வார் கழன்று கழன்று வந்தது. மணி பதினொன்றே முக்கால். ஒரு பேங்குக்கு எதிரே மரத்தடியில் எட்வின் இட்லி விற்க அடிக்கிற ஹாரன் சத்தம் கேட்டதும் திட்டவா அழவா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"எட்டி, நீ எதுக்கு இங்க வந்த? சிலிண்டர் தீந்துட்டா?"

"போன ஏன் அமத்திப் போட்டீரு?"

"சார்ஜ் இல்ல."

"சைக்கிளத் தாரும். ஸ்கூல்ல செக்கிங். ஒரு மணிக்குச் சைக்கிள் அங்க நிக்கலன்னா புடுங்கிட்டுப் போயிருவாளுக."

சாப்பிட்டுக்கொண்டிருந்த பேங்க் ஆசாமி தட்டோடு திரும்பினார். "யாருப்பா எட்வின், உன் ஆத்துக்காரியா? இட்லி நன்னாருக்கும்மா. சட்னியிலதான் காரம் ஜாஸ்தி."

"பஞ்சர்னு சொல்லச் சொல்லு" என்றான் எட்வின், குரலை இறக்கி.

"நம்பர் பாப்பாளுக. வண்டி வேணும்."

"இன்னும் அறுவது இட்லி கெடக்குட்டி."

அவள் ரப்பர் கயிற்றை அவிழ்த்து டோப்பை இரண்டு கையாலும் தூக்கி பிளாட்பாரத்தில் வைத்தாள். சாம்பார் கேனையும் வாளியையும் இறக்கினாள். சைக்கிளைத் திருப்பி உருட்டத் தொடங்கினாள். அவளுக்கு ஓட்டத் தெரியாது. பேங்க் ஆசாமி காசு கொடுக்கலாமா வேண்டாமா என்று நின்றார்.

எட்வின் சும்மாட்டுத் துணியைச் சுருட்டி டோப்பைத் தலையில் ஏற்றிக்கொண்டு, கேன் ஒரு கை, வாளி ஒரு கையாகப் பின்னாலேயே ஓடிவந்தான். சைக்கிளை விட்டுப் பிரிய அவனுக்கு மனசில்லை.

"ஏழு வருசம் சொமந்த கழுத்துட்டி இது. ராத்திரி நீதான தைலம் தேச்ச? மறந்துட்டியோ?"

"மறக்கல."

"பிள்ளைக்கு பீஸ் கட்டாத ஸ்கூலு. ஆனா புக்கு, டிரஸ், டியூசனு? இந்தச் சைக்கிள்தான கட்டுது?"

"கையெழுத்துப் போட்டது நீரு."

"நீ பாத்துக்கிட்டுதான நின்ன?"

அவள் இன்னும் வேகமாக உருட்டினாள். பெடல் கணுக்காலில் இடித்தது. சயன் பாலத்தடியில் ஒரு டாக்சிக்காரன், "ஏ அண்ணா, ஏக் பிளேட்!" என்று கூப்பிட்டான். எட்வின் பழக்கத்தில் நின்றுவிட்டான். கேனைக் கீழே வைத்து டோப்பை இறக்கப்போனான்.

"இறக்கும் பாப்போம்! மூடியத் தொறந்தீருன்னா மொத்தத்தையும் ரோட்டுல கவுத்திருவேன்!"

டாக்சிக்காரன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

பள்ளிக்கூடத்துக்குள் நுழையும்போது ஒன்று அடிக்க ஐந்து நிமிஷம். கிரவுண்டில் பதினொரு நீலச் சைக்கிள் வரிசையாக நின்றது. பன்னிரண்டாவது இடத்தில் ஜான்சி வெறுங்கையோடு நின்றாள். அம்மாவும் அப்பாவும் இந்தக் கோலத்தில் வருவதைப் பார்த்து மற்ற பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். ஜான்சி சிரிக்கவில்லை, தலை குனியவும் இல்லை.

டிரஸ்ட்டிலிருந்து வந்த சாதனா மேடத்துக்கு முப்பது வயதுகூட இருக்காது. கையில் விவரம் குறிக்கிற டேப்லெட். குனிந்து சைக்கிள் நம்பரைப் பார்த்தாள், சரியாக இருந்தது. பிறகு நடுக்கம்பியை விரலால் தட்டினாள்.

"யே க்யா ஹை?"

"மேடம், பிள்ள உக்காந்தா ஆடுது, அதான் ஸ்ட்ராங்குக்கு..." என்றான் எட்வின், தலையில் டோப்போடு.

"நானும் தமிழ்தான் அங்கிள். திலக் நகர். கேரியர் பூரா சாம்பார் வடிஞ்சிருக்கு." அவள் கத்தவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. "பரவாயில்ல. ஜான்சி, ஒரு ரவுண்ட் ஓட்டு. வீடியோ எடுக்கணும்."

ஜான்சி அசையவில்லை.

"ஓட்டு பிள்ள" என்றாள் ஜெபசெல்வி. "பாவாடையத் தூக்கிச் சொருகிட்டு ஏறு. ஒரு ரவுண்டுதான?"

"எனக்கு ஓட்டத் தெரியாதும்மா."

"முதல்ல ரெண்டு நாளு கொண்டுட்டு வந்தியேட்டி?"

"உருட்டிக்கிட்டே வந்தேன். உருட்டிக்கிட்டே போனேன். ஞாயித்துக்கிழம பழக்குறேன்னு அப்பா சொன்னாங்க. அதுக்குள்ள கம்பி வச்சிட்டாங்க."

மூன்று மாசமாக அந்தச் சைக்கிள் வீட்டு வாசலுக்கு வந்து போகிறது. அதன் மேல் தன் பிள்ளை உட்கார்ந்து தான் பார்த்ததே இல்லை என்பது ஜெபசெல்விக்கு அப்போதுதான் உறைத்தது. எட்வின் மெதுவாக டோப்பைக் கீழே இறக்கினான்.

சாதனா டேப்லெட்டை மூடினாள். "ஆன்ட்டி, எனக்கு உங்க மேல கோபம் இல்ல. வெயிட்டிங் லிஸ்ட்ல இருபத்திரண்டு பொண்ணுங்க இருக்காங்க. வாஷி நாக்காவிலேர்ந்து ஒருத்தி நடந்து வர்றா. நான் என்ன பண்ணட்டும்? ரெண்டு மணிக்கு டெம்போ கிளம்பும்."

"கம்பிய எடுத்துட்டா?"

"கம்பி மட்டும் இல்ல ஆன்ட்டி. அவ ஓட்டணும்."

"அவ ஓட்டுவா. இப்ப கம்பிய எடுத்துட்டா?"

சாதனா வாட்சைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

அம்மிணி வாட்ச்மேன் அறையிலிருந்து இரும்பறுக்கிற ஆக்சா பிளேடு ஒன்றைக் கொண்டுவந்தாள். பிடி இல்லாத வெறும் பிளேடு. ஜெபசெல்வி ஒரு முனையில் முந்தானையைச் சுற்றிக்கொண்டு மண்ணில் குத்தவைத்து அறுக்கத் தொடங்கினாள். கிரீச் கிரீச்சென்று பல் கூசுகிற சத்தம். பிள்ளைகள் சிரிப்பை நிறுத்தினார்கள்.

"கிறுக்கு பிடிச்சிட்டா ஒனக்கு?" எட்வின் பாய்ந்து வந்தான். "இத அறுத்துட்டா நாளைக்கு வண்டி பாரம் தாங்காது. நாளைக்கு முந்நூறு இட்லிய எவன் தலையில வைக்க?"

"எந்தலையில வையும்."

"வெளாடாத."

"வெளாடல. நூத்தம்பது நீரு, நூத்தம்பது நான்."

"மாவு ஆட்டுறது யாரு? அவிக்கிறது யாரு?"

"இப்ப யாரு செய்யா?"

சைக்கிள் ஆடியது, பிளேடு நழுவி விரலைக் கிழித்தது. ஜான்சி ஓடிவந்து முன்சக்கரத்தை முட்டிக்கிடையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எட்வின் கை கட்டி நின்றான். உதவவில்லை, தடுக்கவும் இல்லை. ஒன்றே முக்காலுக்கு இரண்டாவது முனையும் அறுந்து கம்பி மண்ணில் விழுந்தது.

"ஏறுட்டி."

ஜான்சி ஏறினாள். ஜெபசெல்வி சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினாள். பத்தடியில் பிள்ளை சாய்ந்தாள், முட்டி சிராய்த்தது, எழுந்தாள். மறுபடி ஏறினாள். இந்தத் தடவை இருபதடி. வெளியே டெம்போக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

சாதனா வீடியோ எடுக்கவில்லை. வரிசையாய் நின்ற பதினொரு பிள்ளைகளையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு அருகில் வந்தாள்.

"திங்கள்கிழமை வருவேன். அன்னிக்கு ஜான்சி தனியா முழு ரவுண்ட் ஓட்டணும். ஓட்டலைன்னா வாஷி நாக்கா பொண்ணுக்குக் குடுத்துருவேன், அப்ப என்கிட்ட பேசக் கூடாது. அதுவரைக்கும் சைக்கிள் இங்கேயே இருக்கட்டும். சாவி அம்மிணி ஆயா கையில. வண்டி வீட்டுக்குப் போகக் கூடாது."

"ஸ்கூல் விட்டதும் நான் பிடிச்சி ஓட்டவைக்கேன்" என்றாள் அம்மிணி.

இன்று வியாழன். ஜெபசெல்வி விரலில் நாள் எண்ணினாள். ரத்தம் காய்ந்து விரல் ஒட்டியது. ஜான்சி சைக்கிளை உருட்டிக்கொண்டு மறுபடியும் கிரவுண்டின் அந்தக் கோடிக்குப் போனாள்.

வெளியே ரோட்டில் எட்வின் டோப்புக்குப் பக்கத்தில் நின்றான். முகம் தொங்கிக்கிடந்தது. "மிச்ச இட்லி புளிச்சிரும்" என்றான்.

"ஸ்டேஷன் வாசல்ல நின்னா போயிரும். தூக்கி வையும்."

"நானே..."

"தூக்கி வையும்னேன்."

அவன் சும்மாட்டை அவள் தலையில் வைத்து டோப்பை ஏற்றினான். அவள் நினைத்ததைவிடக் கனம். கழுத்து ஒரு பக்கம் இழுத்தது. ஒரு கையால் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடக்க இறங்கினாள். சிக்னல் எப்போது விழும் என்று தெரியவில்லை. உளுந்து காலையிலிருந்து தண்ணீரில் கிடக்கிறது, மூன்றரைக்குள் கிரைண்டரில் போட்டாக வேண்டும்.

"வாரும், சட்டுனு" என்றாள், திரும்பாமலே.