ஜன்னல் அட்டையில் பூச்சி

ஈ என்றால் ஏதோ நாலைந்து ஈ என்று நினைத்துவிடக் கூடாது. கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கிற அந்தக் காலனிக்குப் பின்னால் கோழிப்பண்ணை வந்ததிலிருந்து சோற்றில் ஈ, தண்ணீரில் ஈ, பேச வாயைத் திறந்தால் வாயிலும் ஈ. மற்ற வீடுகளில் அது வெறும் தொல்லை. எழில்மதி வீட்டில் அது பயம். அவள் புருஷன் தங்கதுரை மரவள்ளிக் கிழங்கு லாரியின் மேலிருந்து விழுந்து, முறிந்த காலில் எலும்பைப் பிடிக்க வெளிக்கம்பி போட்டுக்கொண்டு கட்டிலோடு கிடந்தான். கம்பி நுழைகிற இடமெல்லாம் ஆறாத புண். ஈ உட்கார்ந்தால் புழு வைத்துவிடும், அப்புறம் காலையே எடுக்கும்படி ஆகும் என்று டாக்டர் கண்டித்து அனுப்பியிருந்தார். பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்.

கொசுவலை கட்டினாள், புழுங்குது என்று அவன் பிடுங்கிப் போட்டான். மருந்து அடித்தாள், இருமியே செத்துவிடுவேன் என்றான். கடைசியில் கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் அவள் கண்ணில் பட்டதுதான் அந்த அட்டை. கண்ணாடி மாதிரித் தெளிவான தாள், ஒரு பக்கம் முழுக்கப் பிசின். வெளிச்சத்தைத் தேடி ஜன்னலுக்குப் போகிற ஈயெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். கடைக்காரர் அதைப் பூச்சி அட்டை என்றார், மேலுறையிலும் அப்படித்தான் போட்டிருந்தது. ஜன்னல் கண்ணாடியில் ஒட்ட வேண்டும் என்று படமும் இருந்தது. இவர்கள் ஜன்னலில் கண்ணாடி இருந்தால்தானே? அது உடைந்து மாமாங்கம் ஆகிறது. கண்ணாடி இல்லாவிட்டால் கம்பி என்ன பாவம் செய்தது என்று, கட்டிலின் தலைமாட்டுக்கு நேர் மேலே, கம்பிகளுக்குக் குறுக்கே இழுத்து ஒட்டிவிட்டாள்.

சும்மா சொல்லக் கூடாது, அட்டை வேலை செய்தது. ஒரே நாளில் கறுத்துப் போனது. பழசை எடுத்துவிட்டுப் புதுசு ஒட்டினாள். தங்கதுரைகூட அன்றைக்குக் கொஞ்சம் சிரித்தான். அந்த வீட்டில் சிரிப்பைக் கேட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது. படுத்தே கிடக்கிறவனுக்கு எல்லாவற்றிலும் எரிச்சல். அள்ளிக் கொட்டிக் கழுவிவிடுகிறவளுக்கு மட்டும் வாய் சும்மா இருக்குமா? அவளும் வார்த்தையை விட்டுவிடுவாள். அப்புறம் அடுப்படியில் போய் மூக்கைச் சிந்துவாள்.

அன்றைக்குக் கட்டுத்துணியும் களிம்பும் தீர்ந்துவிட்டன. சோற்றை எட்டும்படி வைத்து, பட்டன் போனை அவன் கையில் கொடுத்து, புண் வாடைக்கு நாய் நுழைந்துவிடுகிறது என்பதால் கதவை வெளியே தாழ்போட்டுவிட்டுக் கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறினாள். மெடிக்கலில் கூட்டம். முண்டியடித்து முன்னால் போன நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"மதி, ஜன்னல் அட்டையில பூச்சி மாட்டிக்கினு கீது."

குரல் ரகசியம் பேசுகிற மாதிரி இருந்தது. மாத்திரை மயக்கம் என்று எண்ணிக்கொண்டாள்.

"மாட்டத்தானே ஒட்னது? கெடக்கட்டும் வுடு."

"உசுரோட கீது மதி. தலைக்கு மேலயே அசையுது. நீ வா."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுவா சாவும், நீ கண்ண மூடிக்கினு தூங்கு என்று சொல்லி, சிரித்துக்கொண்டே போனை வைத்தாள். அப்புறம் நிதானமாகக் களிம்பு வாங்கினாள், பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்தாள். வீட்டைவிட்டு வெளியே வந்து குடிக்கிற டீ, அவசரப்படாமல்தான் குடித்தாள்.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. மடியிலிருந்த பையின்மேல் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. சனியன் ஈ, இங்கயுமா என்று விரட்டினாள். விரட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

ஈ. அவன் ஈயை ஈ என்றுதான் சொல்வான். கோழிக்கார ஈ, கொள்ளையில போற ஈ என்று நாள் முழுக்கத் திட்டுகிறவன், ஒரு தடவையாவது பூச்சி என்று சொன்னதுண்டா? அவர்கள் வீட்டில் பூச்சி என்றால் ஒன்றே ஒன்றுதான். அவனுடைய அப்பா அம்மாசி கரும்புத் தோட்டத்தில் பாம்பு கடித்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிரை விட்டவர். பாம்பின் பேரைச் சொன்னால் கூப்பிட்ட மாதிரி, கூப்பிட்டால் வந்துவிடும் என்று அன்றிலிருந்து அந்தப் பேரே வீட்டில் கிடையாது. ஊரார் பொழுது சாய்ந்தால் பூச்சி என்பார்கள். இவர்களுக்குப் பட்டப்பகலிலும் பூச்சிதான். கல்யாணமான புதிதில் வாய் தவறிப் பேரைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவள் இவள். எல்லாம் தெரிந்தவள். தெரிந்தவள்தான் சிரித்துவிட்டு வைத்திருக்கிறாள்.

அவன் போனுக்கு அடித்தாள். சுவிட்ச் ஆஃப் என்று வந்தது. பக்கத்து வீட்டு வீரமுத்துவுக்கு அடித்தாள்; அவர் மலைமேல் வேலைக்குப் போயிருந்தார், அங்கே ஏது டவர். பஸ்ஸோ நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று மூட்டை ஏற்றியது. சீக்கிரம் எடுங்கண்ணே என்று கண்டக்டரிடம் கெஞ்சினாள், பறந்தா போறது என்றார் அவர். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். படைக்காவது ஓடுவதற்குக் கால் இருக்கிறது. இவனுக்குப் புரண்டு படுக்கவே ஆள் வேண்டும். முனீஸ்வரா, அந்த ஆளைக் காப்பாத்திக் கொடு, இனி ஒரு வார்த்தை ஏசமாட்டேன் என்று வாய்க்குள்ளேயே வேண்டிக்கொண்டு வந்தாள்.

இறங்கியதும் செருப்பை விட்டுவிட்டு ஓடினாள். தாழ்ப்பாளை இழுக்கக் கை வரவில்லை. உள்ளே சத்தமே இல்லை.

கதவைத் திறந்தாள். தங்கதுரை மல்லாந்து கிடந்தான், கண் திறந்தபடி, இமைகூட ஆடாமல். அப்புறம்தான் அவன் விழிகள் மெல்ல அவள் பக்கம் உருண்டன. கையிலிருந்து நழுவிய போன் பேட்டரி கழன்று தரையில் கிடந்தது. தலைக்கு மேலே அட்டை ஒரு மூலையைத் தவிர எல்லாம் பிய்ந்து தொங்கியது. அதில் ஒரு பல்லி செத்து ஒட்டியிருந்தது. அந்தப் பல்லிக்காக வந்த விரியன் குட்டி, முழங்கை நீளம் இருக்கும், வயிறும் வாலும் பிசினில் சிக்கித் தலையை மட்டும் இப்படியும் அப்படியும் வீசிக்கொண்டிருந்தது. வீசுகிற ஒவ்வொரு வீச்சுக்கும் அட்டை கொஞ்சம் இறங்கியது. இறங்கினால் அவன் முகத்தில்தான் விழும்.

கத்தவில்லை அவள். கால்மாட்டுப் பக்கம் போய் இரும்புக் கட்டிலை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் கூட்டி இழுத்தாள். கட்டில் கிறீச்சிட்டது. கம்பி போட்ட கால் அதிர்ந்து தங்கதுரை அலறினான். அலறலோடு அலறலாக அட்டை தொப்பென்று விழுந்தது, சற்று முன்பு அவன் தலை இருந்த இடத்தில். குளிக்கிற பேசினை எடுத்து அதன்மேல் கவிழ்த்தாள், அம்மிக்குழவியைத் தூக்கிப் பேசின்மேல் வைத்தாள். அப்புறம்தான் தரையில் உட்கார்ந்தாள்.

கடிச்சிதா, எங்கயாவது பட்டுச்சா என்று அவன் முகம், கழுத்து, கையெல்லாம் தடவித் தடவிப் பார்த்தாள். இல்லை என்று தலையாட்டினான். புண்ணிலிருந்து ரத்தம் கசிந்தது. அதை அவன் பார்க்கவில்லை, அவளையே பார்த்தான்.

"நீ சிரிச்ச மதி," என்றான்.

அவன் முகத்தைத் தடவிக்கொண்டிருந்த கையை எடுத்தாள்.

"உசுரோட கீது, தலைக்கு மேலன்னு சொல்றேன். கெடக்கட்டும் வுடுன்ன. கண்ண மூடிக்கோன்ன. சிரிச்சிட்டு வெச்சிட்ட." தண்ணீர் கேட்கிற மாதிரி மெதுவாகத்தான் சொன்னான். "சரி, இவளுக்கும் போதும்னு ஆயிடுச்சி போலன்னு நெனச்சிக்கினேன். அப்பறம் யாரயும் கூப்பிடணும்னு தோணல."

"ஈன்னு நெனச்சேன்யா. ஈ மாட்டிக்கிச்சின்னு சொல்றன்னு நெனச்சேன்."

அவன், "நெஜமாவா?" என்று கேட்டான்.

விரியனைப் பார்த்தபோதுகூட வராத நடுக்கம் அவளுக்கு அப்போது வந்தது. அவன் தலையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஈன்னுதான்யா நெனச்சேன், ஈன்னுதான்யா நெனச்சேன் என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அவன் உம் என்றான். நம்பித்தான் சொன்னானா என்று அவளுக்குத் தெரியவில்லை.