துலான் சாமிக்குச் சும்மாடு

என் வாய் சும்மா இருக்காது. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் கணவர் மகேஸ்வரன் சொல்லிவிடுவார். எண்பத்தேழாம் ஆண்டு செப்டம்பரில் நாலு தமிழ் ஆண்களை, அவர்களை ஒரு வார்த்தை கேட்காமல், சென் துலானில் ஒரு சாமியின் கீழே கொண்டுபோய் நிறுத்தியது இந்த வாய்தான்.

சென் துலான் சுவிஸின் யூரா மலைக்குள், டூ ஆறு வளைகிற இடத்தில் இருக்கும் சின்னப் பட்டினம். பிரான்சில் இருந்து வருகிற ஆறு இந்த ஊரை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி பிரான்சுக்கே திரும்பிவிடும். நாலு வளைவு வைத்த கல்லுப் பாலம், பாலத்து முனையில் மணிக்கூடு வைத்த வாசல் கோபுரம், பழைய தேவாலயம், அதற்குப் பின்னால் நூற்று எழுபத்திரண்டு படி ஏறினால் ஒரு குகை. அவ்வளவுதான் ஊர். நாட்டின் தலைநகர் இருக்கிற பேர்ன் மாநிலத்தோடு காலம் காலமாகச் சண்டை பிடித்துப் பிரிந்து தனி மாநிலமான யூராக்காரருக்கு, பேர்ன் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும்.

அகதி விண்ணப்பம் கொடுத்தவர்களை மாநிலம் மாநிலமாகப் பிரித்தபோது எங்களுக்கு விழுந்தது இந்த ஊர். பாசலில் இருக்கிற என் தங்கச்சி கலாவதி ட்ராமில் ஏறிப்போய் மரக்கறி வாங்குவாள். எனக்கு நாலு பச்சை மிளகாய்க்கு இரண்டு ரயில் மாறவேண்டும். வந்த புதிதில் அதற்காகவே ஒரு மாதம் சண்டை பிடித்தேன், யாரோடு என்றில்லை.

பாலத்து வாசலை ஒட்டின உணவகத்தில் எனக்கு வேலை. கிழங்கு சீவுவது, பாத்திரம் கழுவுவது. முதலாளி மதாம் ஒடிலுக்கு எழுபது வயது. கணவர் முந்தின மாரிக் குளிரில்தான் இறந்திருந்தார், மகன் ஜெனீவாவில். எங்களுக்கு இருக்க மாடியில் ஒரு அறையும் தந்திருந்தார். என் பிரெஞ்சு முழுவதும் அவரிடம் படித்ததுதான். அதனால் எனக்கு மரக்கறிகளின் பெயரும் ஆட்களைத் திட்டுவதும் நன்றாக வரும்.

ஊரின் பெயர் ஒரு துறவியின் பெயர். ஆயிரத்து முன்னூறு வருடத்துக்கு முன் அயர்லாந்தில், ஏதோ ஆற்றங்கரைப் பட்டினத்தில் இருந்து புறப்பட்டவராம். மாட்டுத்தோலால் கட்டிய சின்ன வள்ளம் ஒன்றுதான் அவருடைய சொத்து. ஆறு வந்தால் அதில் ஏறி, ஆறு முடிந்தால் அதை முதுகில் ஏற்றி, இங்கே வந்து குகையில் குந்திவிட்டார். தேவாலயத்தில் இருக்கும் மரச்சிலையும் அப்படித்தான். ஆள் உயரம், முதுகில் ஆமை ஓடு மாதிரி வள்ளம். செப்டம்பர் மூன்றாம் ஞாயிறு எட்டுப் பேர் அவரைத் தோளில் தூக்கி, ஊரைச் சுற்றி, படியேறிக் குகையில் வைத்துப் பூசை செய்வார்கள்.

தூக்குகிறவர்களின் பெயரை எழுத இருநூறு வருடத்துப் புத்தகம் ஒன்று உண்டு. இந்த வருடம் தூக்கிய கையோடு, அடுத்த பக்கத்தைத் திருப்பி, அடுத்த வருடம் தூக்கப்போகிற எட்டுப் பேரும் கையெழுத்து வைக்கவேண்டும். அதுதான் முறை. சிலைப் பலகையைத் தூக்குகிற தண்டுகளில் முன் இடப்பக்கத் தண்டு மதாம் ஒடிலின் வீட்டுக்கு உரியது. அவருடைய தாத்தா, தகப்பன், கணவர் எல்லோரும் அதைப் பிடித்தவர்கள்.

ஆகஸ்டில் ஒருநாள், ஊர்ப் பாரம்பரியச் சங்கத் தலைவர் முசியே ஜிரார் கடைக்கு வந்தார். மணிக்கூடு செய்து ஓய்வு பெற்றவர். தொப்பியைக் கழற்றாமலே விஷயத்தைச் சொன்னார். கையெழுத்து வைத்த எட்டுப் பேரில் மதாமின் கணவர் இப்போது உயிரோடு இல்லை, இரண்டு பேருக்கு முழங்கால் போய்விட்டது, ஒருவர் வேலைக்கென்று பாசலுக்குப் போய்விட்டார்.

"சிலைக்கும் வயது போய்விட்டது. படியில் ஒவ்வொரு வருடமும் பின்பக்கம் சரிகிறது. வள்ளம் இரண்டு தரம் பாறையில் அடிபட்டு ஒட்டியிருக்கிறோம். கண்ணாடிப் பெட்டிக்கு அளவு கொடுத்துவிட்டேன், ஒடில். இனி அருங்காட்சியகம்தான். புத்தகத்தையும் மூடிப் பக்கத்தில் வைத்துவிடலாம்."

மதாம் ஏற்கெனவே துடைத்த மேசையைத் திரும்பத் திரும்பத் துடைத்தார். கணவரைப் புதைத்த அன்று பின்னேரமே கடை திறந்த மனிசி. அவர் இப்படி நிற்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"நாலு பேரை நான் தருகிறேன்" என்றேன், கிழங்கு சீவும் கத்தியோடு.

ஜிரார் முதலில் கத்தியைப் பார்த்தார், பிறகு என்னை. "இந்த ஒரு வருடம் பார்க்கலாம். சிலையில் ஒரு கீறல் விழுந்தாலும் திங்கட்கிழமை பெட்டிக்குள் போகும்."

மர ஆலையில் இருந்து வந்த மகேஸ்வரன் கதையைக் கேட்டுச் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"புனிதம், உமக்கென்ன விசரே? ஒரு சொல்லு கேக்கிறேல்லையோ?"

"ஏன், ஊரிலை பிள்ளையாரைத் தோளிலை காவினனான் எண்டு கலியாணம் முடிச்ச நாளிலையிருந்து சொல்லுறியள்தானே."

அவர் காதைச் சொறிந்தார். "காவினதெண்டால்... நான் பிடிச்சது குடை."

"குடையோ?"

"சாமிக்குப் பிடிக்கிற குடைதான். அதுவும் பாரம்தான், புனிதம்."

ஏழு வருடமாக அந்தப் பிள்ளையார் கதையை நானும் நம்பி, கண்டவர் நின்றவருக்கெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன். அன்று எனக்கு வந்த கோபத்தில் கறியில் இரண்டு தரம் உப்புப் போட்டேன். அவரும் மூச்சுக் காட்டாமல் சாப்பிட்டார்.

நல்ல காலம், மரியதாஸ் இருந்தான். குருநகர்க் கத்தோலிக்கன், பக்கத்துப் பட்டினமான போரான்ட்ருயில் பேக்கரி ஒன்றில் வேலை. அந்தோனியாரை உண்மையாகவே தோளில் சுமந்தவன். கூட வேலை செய்கிற ஜெகதீஸ்வரனையும் அவனுடைய தம்பி ராசாவையும் இழுத்துக்கொண்டு வந்தான். "எந்தச் சாமியெண்டாலென்ன அக்கா, நோகிறது தோள்தானே" என்றான்.

சனிக்கிழமை தேவாலயத்து முற்றத்தில் ஒத்திகை. மிஞ்சிய ஊர்க்காரர் நாலு பேரும் ஆறடிக்கு மேலே. எங்கள் ஆட்கள் ஐந்தரையை எட்டிப் பிடிக்கிறவர்கள். மதாம் மகேஸ்வரனுக்குக் கொடுத்த தன் வீட்டுத் தண்டு முன்னுக்கு இருந்ததால் நம்மவர்கள் நாலு பேரும் முன்னே, நெட்டையர்கள் பின்னே. தூக்கியதும் துலான் சாமி, தொலைத்த வீட்டுத் திறப்பை நிலத்தில் தேடுகிறவர் மாதிரி முன்னுக்குக் குனிந்துவிட்டார்.

"இறக்குங்கள்" என்றார் ஜிரார். அவருடைய முகத்தில் கண்ணாடிப் பெட்டி தெரிந்தது.

நான் கடைக்கு ஓடினேன். பாத்திரம் துடைக்கிற துணி பன்னிரண்டை அள்ளிக்கொண்டு வந்து, கடகம் சுமக்கிற பெண்கள் தலைக்கு வைப்பார்களே, அந்த மாதிரிச் சும்மாடாகச் சுற்றி, நாலு பேரின் தோளிலும் மூன்று மூன்றாக அடுக்கிக் கட்டினேன். மறுபடி தூக்கினார்கள். சாமி நிமிர்ந்தார். ஜிரார் பலகையில் ரசமட்டம் வைத்துப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் பார்த்தார். "ம்" என்றார். அவர் வாயில் அது பெரிய புகழ்ச்சி.

ஞாயிறு நல்ல வெயில். பத்து மணிக்கு, சாயம் பூசிய கல்லுச் சிற்பங்கள் இருக்கிற தெற்கு வாசலால் சாமி வெளியே வந்தார். மகேஸ்வரன் மதாமுடைய கணவரின் கறுப்புக் கோட்டைப் போட்டிருந்தார். கை நீளம் என்பதால் நுனியை மடித்துத் தைத்துக் கொடுத்திருந்தேன். ஊரைச் சுற்றிப் படியடிக்கு வர இருபத்தைந்து நிமிடம் என்று ஜிரார் சொல்லியிருந்தார். நேராக நடக்கவேண்டும், வேறொன்றும் செய்யவேண்டாம் என்றும் சொல்லியிருந்தார்.

பாலத்து வாசலில் மதாம் ஒடில் கையில் எரிகிற மெழுகுதிரியோடு நின்றார். சாமி போகும்போது அப்படி நிற்பது அங்கே வழக்கம். ஆனால் அவரைக் கண்டதும் மகேஸ்வரன் நின்றார். மற்ற மூன்று பேரும் நின்றார்கள். பின்னால் வந்த நெட்டையர்கள் தடுமாறிப் போனார்கள்.

"ஏன் நிற்கிறார்கள்?" என்று ஜிரார் என்னிடம் கேட்டார்.

"எங்கள் ஊரில், வாசலில் ஒருத்தி விளக்கோடு நின்றால் சாமி தாண்டிப் போகமாட்டார்" என்றேன் என் மரக்கறிப் பிரெஞ்சில்.

"இது உங்கள் ஊர்ச் சாமி இல்லை."

அதற்குள் மரியதாஸ் "மெல்லத் திருப்புங்கோ" என்று சொல்ல, நாலு பேரும் அடி அடியாக வட்டம் போட்டார்கள். பின்னால் நின்றவர்களும் வேறு வழியில்லாமல் சுற்ற, துலான் சாமி மதாமின் வாசலை நேருக்கு நேர் பார்த்து நின்றார்.

மதாமின் கையில் மெழுகு வழிந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. "எழுபது வருடமாக இந்த வாசலில் நின்றிருக்கிறேன். அவருடைய வலது காதைத் தவிர நான் எதையும் பார்த்ததில்லை" என்று சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன். எனக்கு யார் அழுதாலும் தொற்றிவிடும்.

அதோடு விஷயம் கைமீறிப் போய்விட்டது. பேக்கரிக்காரி ஓடிப்போய் மெழுகுதிரி கொளுத்திக்கொண்டு வந்து நின்றாள். தபால்காரர் வீட்டில் ஒரு தட்டு நிறையத் திராட்சைப் பழம். மருந்துக்கடைக்காரர் மெழுகுதிரி கிடைக்காமல் டோர்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாமி எல்லா வாசலுக்கும் திரும்பினார். இருபத்தைந்து நிமிட வீதிக்கு ஒன்றேமுக்கால் மணித்தியாலம் பிடித்தது. ஜிரார் கைமணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துக் களைத்துப் போனார். கடைசியில் அவருடைய சொந்த வாசலில், அவருடைய மனைவியே மெழுகுதிரியோடு நின்றார். ஜிரார் ஒன்றும் பேசாமல் ஒதுங்கி வழிவிட்டார்.

படியடிக்கு வந்தபோதுதான் நான் மேலே நிமிர்ந்து பார்த்தேன். பாசி பிடித்த கல்லுப் படிகள், நடுவில் பாறை துருத்துகிற ஒரு வளைவு. வள்ளம் இரண்டு தரம் உடைந்தது அங்கேதான். ஜிரார் வழக்கம்போல இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு சிலைக்குப் பின்னால் வந்து நின்றார். சிலை சரிந்தால் பிடிப்பதற்காம். சரிந்தால் அவரும் சேர்ந்து உருளவேண்டியதுதான்.

மூன்றாம் படியில் மகேஸ்வரன் நின்றார். "புனிதம், சும்மாட்டை எடும்."

"என்ன கதைக்கிறியள்? விழுத்தப் போறியளோ?"

"படியிலை முன்னுக்கு நிக்கிறவன் உயருவான். நாங்கள் கட்டையாய் இருந்தால்தான் சாமி நேரை நிப்பார். கெதியிலை எடும்."

ஓடி ஓடி நாலு தோளிலும் துணிகளை உருவினேன். உருவ உருவ, பின்னால் சரியத் தொடங்கியிருந்த சாமி மெல்ல நிமிர்ந்தார். இத்தனை வருடமும் ஒரே உயரத்து ஆட்கள் தூக்கியதால்தான் அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு ஏறியிருக்கிறார். குடை பிடித்த மனிசனுக்கு இது எப்படித் தெரியும் என்று பிறகு கேட்டேன். "தூக்கிறவன் நிலத்தைப் பாப்பான். குடை பிடிக்கிறவன்தான் சாமியைப் பாப்பான்" என்றார். அந்தக் குடையை அன்றோடு மன்னித்துவிட்டேன்.

வளைவில் ராசாவின் கால் வழுக்கியது. தண்டு ஒரு சாண் இறங்கியது. மரியதாஸ்தான், அந்தோனியாரைச் சுமந்தவன், "அரோகரா" என்று குரல் கொடுத்தான். மற்ற மூவரும் "அரோகரா" என்று தம் கட்ட, பின்னால் நின்ற நெட்டையர்களும் என்ன ஏது என்று தெரியாமலே "அரோ-அரா" என்று தள்ளினார்கள். வள்ளம் பாறையை ஒரு கையகலத்தில் கடந்தது.

நான் திரும்பி ஜிராரைப் பார்த்தேன். ஏந்திய கைகளை இறக்கிக் காற்சட்டைப் பைக்குள் விட்டிருந்தார்.

குகை வாசலில் காத்திருந்த குருவானவர் வெயிலில் சிவந்து போயிருந்தார். பூசை முடிந்ததும் ஜிரார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சிலையை மூன்று தரம் சுற்றினார். பிறகு புத்தகத்தைக் கல்லில் வைத்து, அந்த வருடம் தூக்கிய எட்டுப் பேரின் பெயர்களையும் எழுதினார். பேனாவை மூடினார். மதாம் ஒடில் என் கையைப் பிடித்திருந்தார், எலும்பு நோகிற பிடி. புத்தகத்தையும் மூடிவிடுவாரோ என்றுதான் எல்லோரும் பார்த்தோம்.

ஜிரார் பக்கத்தைத் திருப்பினார். பேனாவைத் திறந்து மகேஸ்வரனிடம் நீட்டினார். முன் இடப்பக்கத் தண்டுக்காரன்தான் முதலில் வைக்கவேண்டும்.

மகேஸ்வரன் வாங்கவில்லை. "புனிதம், நீர் சொல்லும். எனக்கு இஞ்சை இருக்க நவம்பர் வரைக்குந்தான் கடதாசி. மூண்டு மாசத்துக்கு ஒருக்கா நீட்டுறாங்கள். வாற வருசம் இஞ்சை நிப்பன் எண்டு எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது? அது பொய்க் கையெழுத்தாப் போயிடும்."

இந்த வாய்க்கு முதல் தடவையாகச் சொல் வரவில்லை. தட்டுத் தடுமாறித்தான் அதைப் பிரெஞ்சில் சொன்னேன்.

"அந்தக் கடதாசியைத் தருவது யார்?" என்று ஜிரார் கேட்டார்.

"பேர்ன்."

நெட்டையர்கள் நாலு பேரும் சிரித்துவிட்டார்கள். ஜிரார் சிரிக்கவில்லை. "எங்களுக்கும் பேர்ன் நூற்றைம்பது வருடம் கடதாசி அனுப்பியது. யார் சாமி தூக்குவது என்று ஒரு நாளும் நாங்கள் அவர்களைக் கேட்டதில்லை. வையுங்கள்."

மகேஸ்வரன் கோட்டின் கையை மேலே இழுத்துவிட்டு, தன் தகப்பன் பெயரையும் சேர்த்து, தமிழில், ஆறுதலாக ஒவ்வொரு எழுத்தாய் எழுதினார். வீடு என்று இருந்த இடத்தில் மதாம் ஒடில் தன் கையால் தன் வீட்டுப் பெயரை எழுதினார்.

அன்று பின்னேரம் துணி பன்னிரண்டையும் தோய்த்து ஆற்றுப் பக்கத்துக் கொடியில் காயப்போட்டேன். காய்ந்ததும் கடைக்குள் கொண்டுபோகப் பார்த்தேன், மதாம் விடவில்லை. வாங்கி ஒவ்வொன்றாக மடித்து, கணவரின் கோட்டோடு சேர்த்து அலுமாரியில் வைத்தார். பிறகு ஒரு கடதாசித் துண்டில் 'செப்டம்பர் 88' என்று எழுதி, மேல் துணியில் ஊசியால் குத்திவிட்டார்.