எதிர்க்கடைக்கு வழி

அந்தக் கடைத்தெரு ஒரு பொய்க்கு ஒரு விரற்கடை வீதம் ஒடுங்கிக்கொண்டிருந்தது. எல்லாப் பொய்க்கும் அல்ல. தன்னிடம் இல்லாத சரக்கு எதிர்க்கடையில் குவிந்து கிடப்பது தெரிந்தும், "எங்கயும் கிடைக்காதுங்க" என்று வந்தவரைத் திருப்பி அனுப்புவது அங்கே வழக்கம். நமக்கில்லாத வியாபாரம் அடுத்தவனுக்கு எதற்கு என்பதைத் தாய்ப்பாலோடு ஊட்டியிருந்தார்கள். எதிரெதிரே இரண்டு லாரிகள் விலகிப்போன தெருவில் பிறகு கைவண்டி மட்டும் வந்தது, அப்புறம் சைக்கிள், கடைசியில் ஆட்கள் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்தார்கள். சரக்கு தலைச்சுமையாக வந்ததில் விலை ஏறியது, ஆள் வரத்து குறைந்தது. காரணம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் தெரு ஒடுங்கியது அடுத்தவன் பொய்யால்தான் என்று ஒவ்வொருவரும் சாதித்தார்கள்.

பொத்தான்கடைக்காரிக்கும் எதிரே நூல்கடை வைத்திருந்த ஓரகத்திக்கும், மாமனார் கடையைப் பிரித்த நாளிலிருந்து பேச்சு இல்லை. கை நீட்டினால் எதிர்ச்சரக்கைத் தொடலாம், முகம்தான் பார்ப்பதில்லை. அப்படியிருக்கையில் பொத்தான்கடைக்காரியின் மகள் இடுப்புவலியோடு தெருமுனையில் வந்து நின்றாள். வயிறு உள்ளே நுழையவில்லை. பிரசவம் பார்க்கும் நர்ஸம்மா குடியிருந்தது பொத்தான்கடை மாடியில். அவளோ தெரு ஒடுங்கியதிலிருந்து வெளியே வர முடியாத பருமன்.

"அம்மா, நான் எப்படிம்மா வர்றது?"

அந்த நேரம் பார்த்து ஒரு தையற்காரர் ஒண்டி ஒண்டி வந்து பித்தளைக் கொக்கி கேட்டார். பழக்கதோஷத்தில் "எங்கயும்" வரை வந்துவிட்டது. பொத்தான்கடைக்காரி மகளைப் பார்த்தாள்.

"எங்கிட்ட இல்லைங்க. எதிர்க்கடையில இருக்கு. அவ சரக்கு எப்பவும் நல்லாருக்கும், நம்பி வாங்குங்க."

சுவர்கள் ஒரு சாண் விலகின. நூல்கடைக்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. தையற்காரர் அடுத்துப் பொத்தான் கேட்டபோது, தன்னிடம் இருந்த மட்டமான பொத்தானை எடுக்காமல் இவள் கடையைக் காட்டினாள். இன்னொரு சாண். இதைப் பார்த்த பக்கத்துக் கடைகளும் ஆட்களை ஒன்றுக்கொன்று அனுப்பத் தொடங்கின. மகள் நேராக நடந்து வந்தாள், ஒரு கையை அம்மாவும் மறு கையைச் சித்தியும் பிடித்திருந்தார்கள். பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள்.

இப்போது அந்தத் தெருவில் பஸ் ஓடுகிறது. வருஷத்துக்கு ஒருமுறை நகராட்சி ஆள் நாடாவோடு வந்து அகலத்தைத் திருத்திக்கொண்டு போகிறார். கொக்கி கேட்டு வந்த புண்ணியவானைப் பொத்தான்கடைக்காரி நினைத்துக் கும்பிடாத நாளில்லை. ஒரே ஒரு குறைதான். மதியம் தூக்குச்சட்டியோடு எதிர்க்கடைக்குக் கிளம்பினால் நடுவழியில் மூச்சு வாங்குகிறது.

"முட்டி வலிக்குதுடி. இன்னைக்கு ஒருத்தர்கிட்டயாவது எங்கயும் கிடைக்காதுன்னு சொல்லேன், கொஞ்சம் கிட்ட வரட்டும்."

"அது மட்டும் மாட்டேங்க்கா. மெதுவா நடந்தே வாங்க."

அவளும் நடந்தே போகிறாள்.