கூட்டல் குறி

"இன்னும் கொஞ்சம் தூக்குங்க அண்ணி. ரொம்ப வேணாம். ஆங், அங்கேயே நிறுத்துங்க."

இறக்கையின் முனையைத் தோளில் தாங்கி நின்றவள் விரலளவு உயர்த்தினாள். அந்தக் கோடியில், கிளைடர் விமானத்தின் உடலோடு இறக்கை சேரும் இடத்தில், பல்டாக்டர் இரண்டையும் பிணைத்திருந்த இரும்பு ஊசியை உருவப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அசைந்து கொடுக்கவில்லை. வழக்கமாக அந்த இடத்தில் நிற்பது அவள் புருஷன். அவர் தூக்கு என்றும் சொல்ல மாட்டார், நிறுத்து என்றும் சொல்ல மாட்டார். தொண்டையைச் செருமுவார், அவளுக்கு விளங்கிவிடும். மத்தியானம் இந்த வயலில் கிளைடரை இறக்கியவர் இப்போது டவுன் ஆஸ்பத்திரியின் பிணவறையில் இருந்தார்.

ஊசி கழன்றது. இறக்கையின் கனம் முழுதும் சட்டென்று கைக்கு வந்தது. நிலத்துக்காரர் ஓடிவந்து நடுவில் தாங்கினார். மூவருமாக அதை நடத்திக்கொண்டுபோய் நீளமான டிரெய்லருக்குள் தள்ளினார்கள்.

"மிச்சத்தை நாளைக்குப் பார்த்துக்கலாம் அண்ணி," என்றார் பல்டாக்டர். "கிளப்ல இருந்து நாலு பேரைக் கூட்டிட்டு நானே வந்துடறேன்."

"ராத்திரி காத்து வரும்னு வானிலையில சொல்லியிருக்கான். விட்டுட்டுப் போனா புரட்டிப் போட்டுடும்."

"போனாப் போகுது."

"உங்களுக்குப் பாதி போகும். அவருக்குப் பாதி போகும்," என்று சொல்லிவிட்டு அடுத்த இறக்கைப் பக்கம் நடந்தாள்.

அந்தக் கிளைடரில் அவள் புருஷனும் பல்டாக்டரும் பங்காளிகள். மூக்கு யாருக்கு, வால் யாருக்கு என்று அவள் கேலி செய்வது உண்டு. குடிநீர் வாரியத்தில் பம்ப் மேற்பார்வையாளராக இருந்தவருக்கு வேறு கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. சனி, ஞாயிறு வந்தால் வானத்துக்குப் போய்விடுவார்.

அவளும் பல்டாக்டரும் வயலுக்கு வந்து சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் போய்விட்டிருந்தது. ஆஸ்பத்திரிக்கு நேரே போன மகன் போனில் சொன்னான். போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. காலையில் பரிசோதனை முடியும்வரை யாரையும் பார்க்க விட மாட்டார்கள். "நீ இங்க வந்து வெளியில பெஞ்சில உட்கார வேண்டாம்மா. வீட்டுக்குப் போ, நான் வந்துடறேன்." போலீஸ்காரர் ஒருவர் வந்து கிளைடரைச் சுற்றிப் பார்த்தார். கீறல்கூட இல்லை. எடுத்துப் போகலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். வெறும் வீட்டில் போய் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. இங்கே செய்ய வேலை இருந்தது.

காற்று ஒருமுறை வீசியது. கிளைடரின் உள்ளேயிருந்து கீச், கீச், கீச் என்று சத்தம் வந்தது.

"அது இன்னும் ஓடுதா?" என்றாள்.

ஓடிக்கொண்டுதான் இருந்தது. முன்பலகையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி. கிளைடு கம்ப்யூட்டர் என்பார்கள். அவர்கள் வீட்டில் அதற்குக் கணக்குப்பிள்ளை என்று பெயர். இருக்கிற உயரம், போக வேண்டிய தூரம், எதிர்க்காற்று எல்லாவற்றையும் சேர்த்து, இன்ஜின் இல்லாத அந்த வண்டி கிளப் மைதானம்வரை தாக்குப்பிடிக்குமா என்று ஓயாமல் கணக்குப் போடும். போய்ச் சேரும்போது மிஞ்சுகிற உயரத்தைக் கூட்டல் குறியோடு காட்டும். பற்றாது என்றால் கழித்தல் குறி. காற்றில் மேலே ஏறினால் கீச்சிடும். கீழே இறங்கினால் முனகும். இப்போது, தரையில் கிடந்தபடி, வீசுகிற காற்றை ஏற்றம் என்று நினைத்துக் கீச்சிட்டுக்கொண்டிருந்தது.

மத்தியானம் கிளப் ரேடியோ அறையில் மகனின் சட்டைக்குப் பொத்தான் தைத்தபடி அவள் வழக்கம்போலக் கேட்டாள். "என்னங்க, கூட்டலா கழித்தலா?"

"கூட்டல்தான். தாராளமா இருக்கு."

தைத்த நூலைக் கடித்து முடிப்பதற்குள் மறுபடி அவர் குரல். "வண்டிய எடுத்துட்டு வா. நான் இங்கேயே எங்கேயாவது இறங்கிடறேன்."

"இப்பத்தானே கூட்டல்னீங்க?"

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. "கழித்தலாயிடுச்சு. ஒண்ணும் அவசரமில்ல. பார்த்து, மெதுவா ஓட்டிட்டு வா."

அவளுக்கு அதில் சந்தேகம் எழவில்லை. கீழே இழுக்கிற காற்றில் மாட்டினால் தாராளமெல்லாம் நொடியில் தரித்திரமாகிவிடும். எத்தனையோ வயல்களில் போய் அவரை அள்ளி வந்திருக்கிறாள். எப்போதும் "இருட்டறதுக்குள்ள வந்து சேரு" என்று விரட்டுகிறவர் இன்றைக்கு மெதுவாக வரச் சொன்னதில் ஐயாவுக்கு என்ன பெரிய மனசு என்று பல்டாக்டரிடம் சொல்லிச் சிரிக்கக்கூடச் செய்தாள். வழியில் நிறுத்தி டீ குடித்தார்கள். பக்கத்துக் கடையில் அவருக்காக ஆரஞ்சுப் பழம் பொறுக்கி வாங்கினாள். பை காரின் பின்சீட்டில் இருந்தது.

பல்டாக்டர் கிளைடரின் விளிம்பில் சாய்ந்து உள்ளே கைவிட்டார். அணைப்பதற்குத்தான் போனார். ஆனால் அணைக்கவில்லை. பொத்தானை அழுத்தி அழுத்தி, பறந்த வழியைப் பின்னோக்கிப் புரட்டினார். போன வாரம் அந்தப் பெட்டிக்குள் புது அளவுகளைப் போட்டுக் கொடுத்தவர் அவர்தான். வந்து சேர்ந்ததிலிருந்து அவர் முகம் பேயறைந்த மாதிரி இருந்ததற்குத் துக்கம் மட்டும் காரணமில்லை என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

அவள் அவர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள். திரையில் இரண்டு கோடுகள். தேவையான உயரம் ஒன்று, அவரிடம் இருந்த உயரம் ஒன்று. பல்டாக்டர் அடைத்து வைத்திருந்த மூச்சை விட்டார். தோள்கள் தளர்ந்தன. அடுத்த கணமே மறுபடி இறுகின.

"என்ன சொல்லுது டாக்டர்?"

"பத்தல அண்ணி." அவர் திரும்பவில்லை. "கடைசியில கழித்தலுக்குப் போயிடுச்சு. நான் போட்டுக் குடுத்த அளவுல ஏதோ தப்பு இருந்திருக்கு. என் தப்புதான்."

அவள் அவர் தோளுக்கு மேலாகக் கைநீட்டித் திரையின் ஓரத்தைத் தொட்டாள். "இது கூட்டல் குறிதானே?"

அவர் விரல் பொத்தான்மேலேயே நின்றது.

"இதுல வேற எதுவும் எனக்குத் தெரியாது. இந்தக் குறி தெரியும். இறங்கத் திரும்பின இடத்துலயும் கூட்டல்தான் இருக்கு. வீட்டுக்கு வந்திருக்கலாம்."

"அண்ணி..."

"எதுக்கு இந்தப் பொய்? என் பையன் கிளப் மேல கேஸ் போடறேன்னு நிக்கிறான். உங்க தலையில வந்து விடியும்."

"விடியட்டும்," என்றார் பல்டாக்டர். "டீக்கு நிறுத்தச் சொன்னது நான்தானே."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். பல்டாக்டர் பெட்டியை அணைத்தார். நிலத்துக்காரர் வேலியைப் பார்த்தபடி நின்றிருந்தார். அவரிடம் போனாள்.

"நீங்க பார்த்தப்போ பேசினாரா?"

"நல்லாப் பேசினாரும்மா." சொல்லலாமா வேண்டாமா என்று அவர் பல்டாக்டரைப் பார்த்தார். "அவரே இறங்கி வந்து, உங்க நிலத்துல கேட்காம இறங்கிட்டேன், மன்னிச்சுக்குங்கன்னாரு. வேர்த்து ஊத்துச்சு. தண்ணி குடுத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போலாம், வண்டி இருக்குன்னேன். வாயுதான், சரியாப் போயிடும்னாரு. இறக்கை நிழல்ல படுத்துக்கிட்டாரு."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

"பண்றேன்னு நம்பர் கேட்டேன். குடுக்கல. என் வீட்டுக்காரி டிரெய்லரோட வந்துட்டிருக்கா, பதறினா தாறுமாறா ஓட்டுவா, வேண்டாம்னாரு. அந்த கேட்டுப் பக்கம் சேறு, டிரெய்லர் புதைஞ்சிடும், இந்தப் பக்கமா விடச் சொல்லுங்கன்னாரு. நான் இந்த கேட்டைத் திறக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தா பேச்சு மூச்சு இல்ல. அப்புறந்தான் ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன்." கேட்டைக் கைகாட்டி, "கேட்டுத் தாழ்ப்பாள் துருப்பிடிச்சுக் கிடந்துச்சும்மா. நேரமாயிடுச்சு," என்றார்.

அவள் தலையசைத்தாள். அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

போன் அடித்தது. மகன்.

"அம்மா, அந்த மெஷினை யாரும் தொடக் கூடாதுன்னு சொல்லு. அதை நம்பித்தானே போனாரு. தப்புக் கணக்குப் போட்டு நடுவழியில இறக்கி விட்டிருக்கு."

"கணக்கு சரியாத்தான் இருந்துச்சுப்பா."

"அப்ப ஏன் இறங்கினாரு?"

"உடம்பு முடியல. இறங்கிட்டாரு."

"உன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியா?"

அவள் வயலைப் பார்த்தாள். அறுவடை முடிந்த தட்டைக் கட்டைகளுக்கு நடுவே கிளைடரின் ஒற்றைச் சக்கரம் கீறிய தடம் கோடு போட்டதுபோல நேராகக் கிடந்தது.

"சொன்னாரு," என்றாள். "மெதுவா வரச் சொன்னாரு."

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. பிறகு மகன் போனை வைத்துவிட்டான்.

இரண்டாவது இறக்கையைக் கழற்றியபோது பல்டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. அவளாகவே தூக்கினாள், அவளாகவே நிறுத்தினாள். ஊசி முதல் தடவையிலேயே வந்தது. உடலை ஏற்றி, டிரெய்லரின் மூடியை இறக்கிப் பூட்டியபோது வெயில் சாய்ந்துவிட்டிருந்தது.

"நான் ஓட்டறேன் அண்ணி."

"வேண்டாம். நீங்க முன்னால நடந்து வழி சொல்லுங்க."

வரப்போரத்தில் புல் அடர்த்தியாக இருந்தது. இரண்டாவது இறக்கை நின்றிருந்த இடத்துக்குக் கீழே ஓர் ஆள் நீளத்துக்குப் புல் படிந்து கிடந்தது. தலைமாட்டில் கொஞ்சம் ஆழமாக, கால்மாட்டில் லேசாக. ஓரத்திலிருந்த சில புல்தாள்கள் அதற்குள் நிமிரத் தொடங்கியிருந்தன.

டிரெய்லரைத் திருப்ப அந்த ஓரம்தான் தோது. பல்டாக்டர் அங்கே நின்று கைகாட்டினார். அவள் ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்தாள். கார் வரப்பைத் தாண்டி, அடுத்த பாத்தியில் கணுக்கால் உயரத்துக்கு வந்திருந்த இளம்பயிருக்குள் இறங்கியது. பின்னாலேயே டிரெய்லரும் இறங்கி, பெரிய வட்டமடித்து, பயிரை நசுக்கிக்கொண்டு மெல்லத் திரும்பியது.

பல்டாக்டர் கையை உயர்த்தி ஏதோ சொல்ல வாயெடுத்தார். நிலத்துக்காரர் அவர் கையைப் பிடித்து இறக்கினார். பிறகு தன் பயிருக்குள் நாலடி பின்வாங்கி, வண்டிக்கு இடம் விட்டு நின்றார்.